குறைந்த காசில் ஒரு விவரணப் படம்: திட்டமும் பணமும்



இந்த முறை நமது பாடம் விவரணப் படம் எடுப்பது பற்றியது. "படம் எடுக்கிறதா? அதெல்லாம் லட்சக் கணக்கில காசு உள்ளவன் வேலை, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சினிமாப் படத்துக்குக் கோடிகள் வேண்டும். விவரணப் படம் என்பது வேறு. அதில் நடிகர் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. உள்ளதை உள்ளபடி, சம்பந்தப்பட்டவர்களே பேச, படமாகப் பதிந்து ஒழுங்காகக் கோத்துத் தருவதுதான் விவரணப் படம். இன்று லயத்துக்கு லயம் நல்ல கமெரா உள்ள போன் இருக்கிறது. ஆகவே கமெரா பெரிய பிரச்சினை இல்லை. எதை எடுப்பது, எத்தனை நாளில் எடுப்பது, காசு எங்கிருந்து வரும், யாருக்குக் கணக்குக் காட்டுவது, இவைதான் பிரச்சினை. இவற்றை முதலிலேயே யோசிக்காமல் தொடங்கிய வேலை பாதியில் நின்றுவிடும். போனுக்குள் துண்டு துண்டாகக் கிடந்து ஒருநாள் அழிந்தும் போகும்.

பாடத்துக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நமது தோட்டத்து இளைஞர் யுவதிகள் நாலு பேர் சேர்ந்து, 20 நிமிட விவரணப் படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள். பொருள்: ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களும், இங்கே நின்றவர்களும்.

ஏன் இந்தப் பொருள்? ஏன் இப்போது?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நமது மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்களும் கணக்கிட்டுப் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எழுதியபடி எல்லோரும் போகவில்லை. ஆனால் போனவர்கள் தலைமன்னார் வரை கோச்சியிலும், அங்கிருந்து கப்பலிலும் போனார்கள். அந்தக் கோச்சியை "ஒப்பாரிக் கோச்சி" என்றே நமது ஆட்கள் சொன்னார்கள். 1984இல் கப்பலும் நின்றது. இங்கே மிஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது.

இந்த விவரமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அக்காவைக் கோச்சி ஏற்றிவிட்டுத் தனியாக லயத்துக்குத் திரும்பி வந்த தங்கச்சி அன்றைக்கு என்ன நினைத்தாள் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 1970இல் 20 வயதாக இருந்தவருக்கு இப்போது 75 தாண்டிவிட்டது. அவரிடம் கேட்க நமக்கு அதிக காலம் இல்லை. வரவு செலவுக் கணக்கில் எதையும் குறைக்கலாம், கூட்டலாம். காலத்தை மட்டும் கூட்ட முடியாது. ஆகவே காசு முழுக்கச் சேர்ந்த பிறகு தொடங்குவோம் என்று இருக்கக் கூடாது. வயதானவர்களின் பேச்சை முதலில் பதிந்து வைத்துவிட வேண்டும். மற்றதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: ஒரே ஒரு பக்கம்

கமெராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அதில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்.

1. படம் எதைப் பற்றியது? இரண்டு வரியில் எழுத வேண்டும். இரண்டு வரியில் எழுத முடியாவிட்டால் இன்னும் தெளிவு வரவில்லை என்று அர்த்தம்.
2. யார் யார் பேசுவார்கள்? 20 நிமிடப் படத்துக்கு நாலு பேர் போதும். பதினைந்து பேரைப் பிடித்தால் எவருடைய பேச்சும் மனதில் நிற்காது.
3. பேச்சைத் தவிர எதைக் காட்டுவோம்? பழைய கடிதம், பாஸ்போர்ட், மங்கிய போட்டோ, காலியாகக் கிடக்கும் காம்பிரா, தலைமன்னார் துறை.
4. யார் பார்ப்பதற்காக? நமது தோட்டத்துக்கா, பாடசாலைப் பிள்ளைகளுக்கா, கொழும்பில் உள்ளவர்களுக்கா?
5. எப்போது முடியும்? திகதி போட வேண்டும்.

இந்த ஒரு பக்கம்தான் பிறகு காசு கேட்கப் போகும்போது உங்கள் கையில் இருக்கப் போவது. பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பொருளைச் சுருக்கினால் செலவும் சுருங்கும். "மலையக மக்களின் 200 வருட வரலாறு" என்று தொடங்கினால் நாடு முழுக்க அலைய வேண்டும். "ஒரே லயத்திலிருந்து பிரிந்த மூன்று குடும்பங்கள்" என்றால் பாதி வேலை நடந்து போகும் தூரத்திலேயே முடியும். இந்தியாவுக்குப் போன உறவினர் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்தால், அங்கே போக வேண்டியதில்லை. அங்குள்ள பேரப்பிள்ளையிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, பாட்டியை அவர் போனிலேயே படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். விமானச் செலவு முழுவதும் மிச்சம். பாட்டியும் முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைவிடத் தன் பேரனிடம் மனம் விட்டுப் பேசுவார்.

பேசுகிறவரின் சம்மதம்

ஒருவரைப் படம் பிடிப்பது அவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி. கேட்காமல் நுழையக் கூடாது. படம் எதற்காக, எங்கெங்கே காட்டப்படும், போனிலும் இன்டர்நெட்டிலும் போகுமா இல்லையா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். போனில் ஒரு முறை போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்மதத்தை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அல்லது கமெரா முன்னாலேயே அவர் வாயால் சொல்லட்டும். பேசிய பிறகு, "தம்பி, அந்தத் துண்டு வேணாம்பா, வெட்டிரு" என்று சொன்னால் வெட்டிவிட வேண்டும். மறுபேச்சு இல்லை.

பிள்ளைகளைப் பிடிப்பதென்றால் தாய் தகப்பனின் அனுமதி வேண்டும். ஸ்டோருக்குள்ளும் மலையிலும் எடுப்பதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். பதில் வர நாளாகும். ஆகவே இந்தக் கடிதத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அந்த இடம் இல்லாமல் படத்தை எப்படி எடுப்பது என்றும் யோசித்து வைத்திருங்கள்.

நாளும் நேரமும்

வேலை நாளில் போய் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் அவருக்கு அன்றைய பேர் போகும். கதையும் கேட்டு, சம்பளத்தையும் இழக்க வைப்பது நியாயமா? ஆகவே ஞாயிறு, போயா நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் ஒருவருக்கு நாள் சம்பளம் போனால், அந்தக் காசை வரவு செலவுக் கணக்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மழைக் காலத்தையும் பார்க்க வேண்டும். தகரத்தில் மழை கொட்டும்போது பேச்சு ஒன்றும் பதியாது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன் தொடக்கம் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு மழை. உங்கள் பக்கம் வெயில் பார்த்து நாள் குறியுங்கள். கோயில் ஸ்பீக்கர் போடும் திருவிழா நாளையும் தவிர்த்துவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடுவார்கள். ஆகவே காசு குறைவாக இருந்தால் கமெராவில் மிச்சம் பிடியுங்கள், மைக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். மைக் பேசுகிறவர் வாய்க்குக் கிட்ட இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அன்று எடுத்ததை இரண்டு வெவ்வேறு இடத்தில் பிரதி பண்ணி வைக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, பேசியவர், எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். இந்தக் கொப்பி இருந்தால் எடிட்டிங் செய்கிறவரின் வேலை நாட்கள் குறையும். அவருக்குக் கொடுக்கும் காசும் குறையும்.

வரவு செலவுக் கணக்கு

கீழே உள்ளது கணக்குப் பழகுவதற்கான உதாரணம் மட்டும்தான். விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். நீங்களே டவுனில் விசாரித்து உங்கள் தொகையைப் போட வேண்டும்.

போன் 2 (சொந்தம்): 0 ரூபா
சட்டையில் குத்தும் சிறிய மைக்: 6,000 ரூபா
போனை நிறுத்தும் ஸ்டாண்ட்: 5,000 ரூபா
மெமரி கார்ட், பிரதி வைக்கும் டிஸ்க்: 24,000 ரூபா
சாப்பாடு, தேநீர் (4 பேர், 6 நாள், நாளுக்கு 700 ரூபா): 16,800 ரூபா
பயணம் (தலைமன்னார் போய்வருவது உட்பட): 22,000 ரூபா
எடிட்டிங்: 40,000 ரூபா
கடிதம், பிரதி, பதிவு முதலிய சில்லறைச் செலவு: 6,200 ரூபா
திரையிடல் (புரொஜெக்டர், ஸ்பீக்கர் வாடகை): 15,000 ரூபா
கூட்டுத்தொகை: 135,000 ரூபா
எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து: 13,500 ரூபா
மொத்தம்: 148,500 ரூபா

கடைசிக்கு முதல் வரியைப் பலர் போடுவதில்லை. வழியில் பஸ் போய்விட்டால், மைக் பழுதானால், மழையால் ஒரு நாள் கூடினால் எங்கே போவது? அந்த நூற்றுக்குப் பத்து இருந்தால்தான் வேலை நிற்காது. திரையிடல் செலவையும் இப்போதே போட வேண்டும். எடுத்து முடித்துவிட்டுக் காட்டக் காசில்லாமல் பெட்டிக்குள் வைத்த படங்கள் ஏராளம்.

காசு எங்கிருந்து வரும்?

இந்தியாவில் குஜராத் மாநிலத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1976இல் ஷியாம் பெனகல் எடுத்த "மந்தன்" என்ற படத்துக்கு அந்தச் சங்கங்களின் 5 இலட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபா கொடுத்தார்கள். 10 இலட்சம் ரூபா சேர்ந்தது. அது விவரணப் படம் இல்லை, கதைப் படம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். படம் வந்ததும் அந்த விவசாயிகளே லொறி லொறியாக வந்து பார்த்தார்கள். ஏனென்றால் அது அவர்கள் காசில் எடுத்த படம்.

நமது உதாரணத்துக்கு வருவோம். 250 குடும்பங்கள் 200 ரூபா வீதம் கொடுத்தால் 50,000 ரூபா. தோட்டத்தில் பிறந்து கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறவர்கள் 15 பேர் 3,000 ரூபா வீதம் கொடுத்தால் 45,000 ரூபா. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் பாடசாலையிலோ கோயில் கமிட்டியிலோ இரவல் கிடைத்தால் 15,000 ரூபா செலவு மிச்சம். ஆக 110,000 ரூபாவுக்கு வழி தெரிந்துவிட்டது. மீதி 38,500 ரூபா. இதற்குத்தான் ஒரு நிறுவனத்திடமோ நலன்விரும்பியிடமோ விண்ணப்பிக்க வேண்டும். "படம் எடுக்கக் காசு தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "மற்றதெல்லாம் சேர்த்துவிட்டோம், எடிட்டிங் செலவுக்கு மட்டும் இவ்வளவு தேவை" என்று கேட்டால் கொடுக்கிறவருக்கும் நம்பிக்கை வரும். கையில் ஒரு பக்கத் திட்டமும், வரவு செலவுக் கணக்கும், முன்கூட்டியே எடுத்த மூன்று நிமிடத் துண்டும் இருக்கட்டும். பாட்டி ஒருவர் பேசும் அந்த மூன்று நிமிடம் உங்களைவிட நன்றாகக் காசு கேட்கும்.

குடும்பங்களிடம் சேர்ப்பதைச் சம்பள நாளை ஒட்டி வையுங்கள். 200 ரூபா கொடுக்க இயலாத வீட்டில் கேட்டு நிற்காதீர்கள். அவர்கள் ஒரு வேளைத் தேநீர் தரலாம், பழைய போட்டோ ஒன்றைக் காட்டலாம், அதுவும் பங்குதான். மரண உதவிச் சங்கத்தின் காசிலும் மாதர் சங்கச் சீட்டுக் காசிலும் கை வைக்கவே கூடாது. அது வேறு காரியத்துக்குச் சேர்த்த காசு. வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கவும் கூடாது. இந்தப் படம் திரும்பக் காசு உழைத்துத் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சேரும் காசுக்கு மூன்று பேர் பொறுப்பு: ஒருவர் வாங்குவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் மாதா மாதம் சரி பார்ப்பார். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். வரவையும் செலவையும் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி பிள்ளை மடுவத்துச் சுவரிலோ கோயிலடியிலோ ஒட்டுங்கள். 50 ரூபா கணக்குத் தவறினாலும் அடுத்த முறை ஊரில் எவரும் கை நீட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

யார் காசு, யார் குரல்?

நமது நாட்டிலேயே எடுத்த ஒரு புகழ்பெற்ற விவரணப் படம் உண்டு. அதன் பெயர் "சோங் ஒஃப் சிலோன்". பெசில் ரைட் என்ற ஆங்கிலேயர் 1934இல் எடுத்தது. காசு கொடுத்தது அன்றைய இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. 1935இல் பிரசல்ஸ் நகரத்து விழாவில் முதற் பரிசு பெற்றது. இன்றும் உலகத்தில் படம் எடுக்கப் படிக்கிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கொழுந்து பறிக்கும் நமது பெண்கள் அதில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் தங்கள் கதையைச் சொல்வதில்லை. படத்தில் ஒலிப்பது 1681இல் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தின் வரிகளும், வியாபாரிகளின் குரல்களும்தான்.

அது மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. அழகான படம். ஆனால் காசு கொடுத்தவருக்கு வேண்டியிருந்தது தேயிலைக்கு ஒரு பெயர். அந்தப் பாட்டிமார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்று நாம் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே யார் காசு தந்தாலும் முதலில் கேளுங்கள்: "நாங்கள் எடுத்ததை வெட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டா? படம் யாருக்குச் சொந்தம்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேசுகிறவரின் வாயை மூடச் சொல்லும் காசு வேண்டாம்.

இன்னொரு படத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்தில் 1973இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 13 மாதம் நீடித்தது. பார்பரா கொப்பிள் என்ற இளம் பெண் சில உதவியாளர்களுடன் அங்கே போய்ச் சுரங்கத்துக் குடும்பங்களோடு தங்கிப் படம் எடுத்தார். கையில் போதிய பணம் இல்லை. சிறு சிறு நன்கொடையும் கடனுமாகச் சேர்த்துத்தான் வேலை நடந்தது. சில நாட்களில் கமெராவுக்குள் போடப் பிலிம் சுருளே இருக்கவில்லை. அப்படியும் கமெராவைத் தூக்கிப் படம் பிடிப்பது போல நின்றார்கள். கமெரா முன்னால் அடியாட்கள் கொஞ்சம் அடங்கியிருந்தார்கள் என்பதுதான் காரணம். 50 மணித்தியாலத்துக்கு மேல் எடுத்ததை 103 நிமிடமாகச் சுருக்கினார்கள். "ஹார்லன் கவுண்டி, யூ.எஸ்.ஏ." என்ற அந்தப் படம் 1976ஆம் ஆண்டின் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதில் பேசுவது சுரங்கத் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவிமாரும்தான். அந்தக் குடும்பங்கள் அவரை நம்பி வீட்டுக்குள் விட்டன. அந்த நம்பிக்கையை எந்த வரவு செலவுக் கணக்கிலும் எழுத முடியாது. அது இல்லாமல் அந்தப் படமும் இல்லை.

முடித்துக் காட்டுவது

எடிட்டிங் முடிந்ததும் முதலில் படத்தில் பேசியவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். இரண்டாவது, காசு கொடுத்த தோட்டத்துக்கு. மூன்றாவதுதான் வெளியூருக்கு. பொதுவிடங்களில் காட்டும் படங்களுக்குச் சான்றிதழ் தரும் தணிக்கைச் சபை கொழும்பில் இருக்கிறது. உங்கள் திரையிடலுக்கு அது தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டுகளை எடுத்துச் சேர்க்காதீர்கள். அவை பிறருடைய சொத்து. நமது தப்பும் தாலாட்டும் இருக்கும்போது அது எதற்கு?

படத்தின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். வெட்டாத முழுப் பேச்சையும் சேர்த்து வையுங்கள். 20 நிமிடத்துக்குள் அடங்காத விஷயம் நாளைக்கு ஒரு பேரப்பிள்ளைக்குத் தேவைப்படும்.

கூடிப் பேச வேண்டிய கேள்விகள்

1. நமது தோட்டத்தில் ஒப்பந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெயர்ப் பட்டியல் எழுதுங்கள்.
2. அவர்களில் யாரிடம் முதலில் போக வேண்டும்? யார் போனால் அவர் மனம் விட்டுப் பேசுவார்?
3. மேலே உள்ள வரவு செலவுக் கணக்கை உங்கள் டவுன் விலைக்கு மாற்றிப் போடுங்கள். எதைக் குறைக்கலாம்? எதைக் குறைக்கவே கூடாது?
4. காசு தர வரும் ஒருவர், "இந்தப் பகுதியைச் சொல்லாதே" என்று நிபந்தனை போட்டால் என்ன செய்வீர்கள்?

முதல் கேள்விக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே பதில் எழுதத் தொடங்கலாம். அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.